பிள்ளைக்கு எட்டு மாதம், எனக்குத் தலைவலி நான்கு மாதம். முதுகு ஊசிதான் காரணமா?

தக்கலைக்காரி
திங்கள், இரவு 11.48

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் வாசித்துவிட்டுப் போகிறவள்தான். இன்றைக்குத்தான் எழுதுகிறேன். வீடு தக்கலைப் பக்கம். முதல் பிள்ளை, முதுகில் மரத்துப்போக ஊசி போட்டுச் சிசேரியன். பையனுக்கு எட்டு மாதம் ஆகிறது.

அவனுக்கு நான்கு மாதம் முடிந்த சமயம் தலைவலி தொடங்கியது. முதலில் வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள். இப்போது வலி இல்லாத நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். காலையில் கண் திறக்கும்போதே வலது பொட்டு விண் விண் என்று தெறிக்கும். அப்புறம் கண்ணுக்குப் பின்னால் போய், பிடரி வரை இறங்கும். அடுப்படியில் சாளை பொரிக்கிற மணம் வந்தாலே ஓங்கரிக்கிறது. பையன் அழுதால் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது. பெற்ற பிள்ளை அழும்போது காதைப் பொத்துகிறேனே என்று நானும் சேர்ந்து அழுத நாள் உண்டு.

அம்மை சொல்வது, "முதுகுல ஊசி போட்டாச்சுல்லா மக்களே, இனி ஆயுசுக்கும் அப்பிடித்தான்." மாமியார் சொல்வது, நாற்பது கழியும் முன்னே நான் தலைக்கு ஊற்றிவிட்டேன், அதனால் தலையில் நீர் இறங்கிவிட்டது. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் கேட்டேன். "பிள்ளை பெத்தா இதெல்லாம் இருக்கும், நல்லா தூங்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரர் சவுதியில் தம்மாமில் வேலை பார்க்கிறார், ராத்திரி பையனோடு நான் மட்டும்தான். தூங்குவது எங்கே?

ஜங்ஷன் மெடிக்கலில் ஒரு தலைவலி மாத்திரை தருகிறார்கள். போட்டால் மூன்று மணி நேரம் மனுஷியாக இருப்பேன். சாயங்காலம் மறுபடியும் அதே வலி. இது அந்த ஊசியால்தானா? பால் கொடுக்கிறவள் இந்த மாத்திரை போடலாமா? யாருக்காவது இது சரியாகியிருக்கிறதா? இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

கருங்கல் ஜெனி
செவ்வாய், காலை 6.10

தங்கச்சி, உன்னுடைய பதிவை வாசித்தபோது நானே எழுதினது போல இருந்தது. எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து மூன்று வருஷம். அன்றிலிருந்து தலைவலியும் நடுமுதுகு வலியும். ஊசிதான் காரணம், எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் தெருவில் ஆபரேஷன் ஆன நாலு பேருக்கும் இதே பாடு. எங்கள் அம்மைமார் வீட்டிலேயே ஏழெட்டு பெற்றார்கள், இப்படிப் படுத்துக் கிடக்கவில்லை.

வார்டு அக்கா
செவ்வாய், மதியம் 2.35

தக்கலைத் தங்கச்சி, நான் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸ், பத்தொன்பது வருஷம் ஆகிறது. டாக்டர் இல்லை. அதனால் இன்னதுதான் நோய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளை உன்னிடம் யாரும் கேட்கவில்லை என்பது தெரிகிறது.

முதலில் அந்த ஊசி. முதுகுத்தண்டைச் சுற்றி ஒரு சவ்வுப் பை, அதற்குள் தெளிந்த நீர். மூளையும் அந்த நீரில்தான் மிதக்கிறது. ஊசி போன துளை வழியாக நீர் கசிந்தால் உள்ளே அழுத்தம் குறைந்து தலைவலி வரும். வருவது உண்மை, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வலிக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. எழுந்து உட்கார்ந்தால் தலை பிளக்கும், மட்டமாகப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கும். ஊசி போட்ட ஐந்து நாளுக்குள் தொடங்கிவிடும், பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளே. நிறையப் பேருக்கு இரண்டு வாரத்துக்குள் துளை தானாக மூடிவிடுகிறது. மூடாவிட்டால் அந்தப் பெண்ணின் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, முதுகில் அந்தச் சவ்வுக்கு வெளியே செலுத்தி அடைக்கிற சிகிச்சை இருக்கிறது.

சிசேரியனுக்கு இப்போது போடுவது மிக மெல்லிய ஊசி, 25 முதல் 27 கேஜ். வலி தெரியாமல் பிரசவம் பார்க்கப் போடுகிற எபிடியூரல் ஊசி தடிமன். அது தவறிப்போய்ச் சவ்வைத் துளைத்துவிட்டால், அந்தப் பெண்களில் சிலருக்கு மாதக்கணக்கில் தலைவலி நீடிப்பதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஆகவே ஊசிக்கும் தலைவலிக்கும் சம்பந்தமே கிடையாது என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் முதல் நான்கு மாதம் ஒன்றும் இல்லாமல் இருந்து பிறகு தொடங்கின வலியை அந்த ஊசியின் தலையில் கட்டிவிட்டால், உண்மையான காரணத்தை யாருமே தேடமாட்டார்கள்.

இப்போது நீ சொல்லு. படுத்தால் வலி குறைகிறதா? வெளிச்சம் பிடிக்காமல் போகிறதா? கல்யாணத்துக்கு முன்னே தலைவலி உண்டா? கர்ப்பமாக இருக்கும்போது எப்படி இருந்தது? மாதவிலக்கு மறுபடி வந்துவிட்டதா, எந்த மாதம்? கடைசியாக, ஒரு மாதத்தில் எத்தனை நாள் அந்த மாத்திரை போடுகிறாய்? அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்துச் சொல்லு.

தக்கலைக்காரி
செவ்வாய், இரவு 10.20

அக்கா, நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்தேன். படுத்தாலும் வலி அப்படியேதான் இருக்கும். லைட்டை அணைத்து, கண்ணில் துணி போட்டுப் படுத்தால் கொஞ்சம் தாங்கலாம். பிளஸ் டூ படிக்கும்போது விலக்கு வருவதற்கு முந்தின நாள் தலைவலி வந்து வாந்தி எடுத்த ஞாபகம் இருக்கிறது, அதை ஒரு நோயாக நினைத்ததே இல்லை. கர்ப்பத்தில் ஐந்தாம் மாதத்துக்கு மேல் ஒரு நாள்கூடத் தலைவலி கிடையாது. விலக்கு மறுபடி வந்தது பையனுக்கு நான்காவது மாதத்தில். தலைவலி தொடங்கினதும் அப்போதுதான். இதை நீங்கள் கேட்கும்வரை நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

மாத்திரை... அலமாரியில் காலி அட்டைகள் கிடந்தன. போன மாதம் மட்டும் மூன்று அட்டை, பத்துப் பத்தாக. இரண்டு போட்ட நாளும் உண்டு. எண்ணிப் பார்த்ததும் கை குளிர்ந்துவிட்டது அக்கா.

வார்டு அக்கா
புதன், காலை 7.05

பயப்படாதே. நீயே எண்ணிப் பார்த்தது நல்லதாகப் போயிற்று.

கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறி நிற்கும். ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன் உள்ள பல பெண்களுக்கு அந்த மாதங்களில் வலி ஒதுங்கி நிற்கும். பிள்ளை பிறந்த ஒன்றிரண்டு நாளில் அது சரசரவென்று இறங்கும். விலக்கு திரும்பியதும் மாதாமாதம் ஏற்ற இறக்கம். கூடவே தூக்கம் இல்லை, நேரத்துக்குச் சாப்பாடு இல்லை. மைக்ரேன் திரும்பி வர இவ்வளவும் போதும். நீ சொல்கிற ஒருபக்க வலி, தெறிப்பு, ஓங்கரிப்பு, வெளிச்சமும் சத்தமும் ஆகாமை எல்லாம் அந்தப் பக்கம்தான் கை காட்டுகிறது. ஒத்தையாக இருந்தால் சமாளித்துவிடலாம். ஆனால் உனக்கு இரண்டாவது ஒன்றும் சேர்ந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

மெடிக்கலில் தருகிற தலைவலி மாத்திரைகளில் பல, இரண்டு மூன்று மருந்து கலந்தவை. அப்படிக் கலந்ததை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். வெறும் பாராசிட்டமால் என்றாலும் 15 நாள் கணக்கு. மாத்திரையின் வேகம் இறங்கும்போது வலி வரும், அதற்கு மறுபடி மாத்திரை, அது இறங்கும்போது மறுபடி வலி. தலைவலி மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் அதை நாள்பட்ட தலைவலி என்பார்கள். நீ அந்தக் கணக்கில் எப்போதோ வந்துவிட்டாய்.

பால் கொடுக்கிறவர்களுக்குப் பாராசிட்டமாலும் இபுபுரோஃபெனும் அளவோடு ஆகும். ஆஸ்பிரின் கலந்தது வேண்டாம், எர்கோட்டமைன் கலந்தது வேண்டவே வேண்டாம். அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் வாசி, இல்லை எடுத்துக்கொண்டு போ.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவ ஓபிக்குக் காலையிலேயே போ. காலி அட்டைகளையும் பிரசவ பைலையும் எடுத்துக்கொள். பிரஷர், ஹீமோகுளோபின், தைராய்டு பார்க்கச் சொல்லிக் கேள். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குத் தைராய்டு தடம் மாறும். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து நரம்பு வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதையும் விடாதே.

கருங்கல் ஜெனி, நீங்களும் இதே கேள்விகளுக்கு ஒரு தடவை பதில் எழுதிப் பாருங்கள். மூன்று வருஷம் சுமந்தது போதும்.

கடலோரம்
புதன், இரவு 9.15

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். யாராவது ஒரு ஆள் வாசித்தாலும் பிரயோஜனம்தான்.

நாங்கள் குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர். என் தங்கச்சிக்கு சுகப்பிரசவம், பெண் குழந்தை. வீட்டுக்கு வந்ததிலிருந்து பத்தியம். தண்ணீர் குடித்தால் வயிறு வைத்துவிடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மருந்து அரைத்துக் கொடுப்பார்கள், அதற்குமேல் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் சுக்கு வெந்நீர், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அந்த டம்ளரில் என் கையால் அளந்து கொடுத்தவள் நான். சித்திரை மாதத்து வெக்கை. கதவு ஜன்னல் எல்லாம் அடைப்பு. "அக்கா, ஒரு வாய் தண்ணி தா" என்று கெஞ்சுவாள். "நாற்பது நாள்தானே, பொறுத்துக்கோ" என்பேன்.

எட்டாம் நாள் தலைவலி என்றாள். தூக்கம் இல்லாததால் என்று விட்டுவிட்டோம். ஒன்பது, பத்து என்று ஒவ்வொரு நாளும் வலி கூடிக்கொண்டே போனது, குறையவே இல்லை. வாந்தி. பதினொன்றாம் நாள் விடியற்காலம் பிள்ளையை எடுக்கப் போனவள் இடது கை தூக்க வரவில்லை என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்துவிட்டது. பேறுகால சன்னி என்று சொல்லி ஒருவர் வேப்பிலை எடுக்கப் போனார். என் கொழுந்தன்தான் 108-க்கு அடித்தார். நாகர்கோவில் போய், அங்கிருந்து திருவனந்தபுரம். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, மூளையிலிருந்து ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகிற குழாயில் ரத்தம் உறைந்துவிட்டது என்றார்கள். ரத்தம் மேலும் உறையாமலிருக்க வயிற்றுத் தோலில் ஹெப்பாரின் ஊசி போட்டார்கள், அப்புறம் மாதக்கணக்கில் மாத்திரை.

பிழைத்துவிட்டாள். கை முழுதாகச் சரியாக ஐந்து மாதம் ஆனது. இன்றைக்கு அவள் பெண் பள்ளிக்கூடம் போகிறது. அந்த டம்ளர் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. நான் அதில் தண்ணீர் குடிப்பதில்லை.

வார்டு அக்கா
புதன், இரவு 10.40

கடலோரம், எழுதினீர்களே, அதற்கு நன்றி. உங்கள் பேரில் தப்பில்லை. உங்களுக்குச் சொல்லித் தந்ததைச் செய்தீர்கள்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம்வரையும் பெண்ணின் ரத்தம் சீக்கிரம் உறைகிற தன்மையில் இருக்கும். பிரசவத்தில் ரத்தம் போவதைத் தடுக்க உடம்பே செய்துகொள்கிற ஏற்பாடு அது. அந்த நேரத்தில் தண்ணீரைக் குறைத்தால், ரத்தசோகையும் காய்ச்சலும் சேர்ந்தால், ஆபத்து கூடும். நம் நாட்டில் பிரசவித்த பெண்களிடம் இந்த நோயை மருத்துவர்கள் பல காலமாகவே பார்த்து வருகிறார்கள். பால் கொடுக்கிறவள் தாகம் எடுத்தால் எடுத்தபோதெல்லாம் குடிக்க வேண்டும், அளவு பார்க்கக் கூடாது.

பேற்று வெந்நீர்
வியாழன், காலை 5.30

எனக்கு வயது அறுபத்து நாலு. பேரப்பிள்ளைதான் இதை எழுதித் தருகிறாள். மூன்று மகள்களுக்கும் இரண்டு மருமகள்களுக்கும் பேறுகாலம் பார்த்தவள் நான். நீங்கள் எல்லாரும் பழைய பக்குவத்தையே குற்றம் சொல்வது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தன்வந்தரம் குழம்பு என்கிற மருந்து எண்ணெய் தேய்த்து, நொச்சி இலையும் ஆமணக்கு இலையும் போட்டுக் கொதித்த வெந்நீரில் இடுப்புக்கு ஓங்கி ஊற்றி, குளித்து வந்ததும் உச்சியில் ஒரு நுள்ளு ராஸ்னாதிப் பொடி வைத்துத் திருமுவோம். தலையில் நீர் கோர்க்காது. பெற்றவள் நாற்பது நாளும் ஒரு குடம் தூக்கமாட்டாள், அடுப்படி பக்கம் வரமாட்டாள். பிள்ளையை நாங்கள் பார்ப்போம், அவள் தூங்குவாள். இப்போது என்ன நடக்கிறது? பதினைந்தாம் நாள் துணி துவைக்கிறாள், ராத்திரி ஒரு மணிக்கு போனைப் பார்க்கிறாள். தலை வலிக்காமல் என்ன செய்யும்? தண்ணீர் விஷயம் மட்டும் எனக்கும் மனசு ஒப்பவில்லை. எங்கள் வீட்டில் வெந்நீர் கேட்டபோதெல்லாம் கொடுத்தோம்.

வார்டு அக்கா
வியாழன், மாலை 4.50

பெரியம்மை, நீங்கள் சொன்னதில் முக்கால்வாசிக்கு நான் உங்கள் கட்சி. பெற்றவளைத் தூங்கவிட்டு பிள்ளையை மற்றவர் ஏந்திக்கொள்வதைப் போன்ற தலைவலி மருந்து எந்த மெடிக்கலிலும் கிடையாது. எண்ணெய் தேய்ப்பும் வெந்நீரும் உடம்புக்கு இதம், ஆபரேஷன் தையல் ஆறும்வரை அந்த இடத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். தலைக்குக் குளித்ததால் மாதக்கணக்கில் தலைவலி நீடிக்கும் என்பதில் மட்டும் நான் உங்களோடு ஒத்துப்போகமாட்டேன். நீர் இறங்கிவிட்டது என்று சொல்லிப் பிரஷர் பார்க்காமல் விட்ட பெண்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. நம்ம மாவட்டம் வர்ம வைத்தியத்துக்குப் பேர் போன ஊர். தடவுவது இதமாக இருக்கலாம். ஆனால் பிரசவித்த பெண்ணின் கழுத்தைச் சடக்கென்று திருப்பிச் சொடுக்கெடுக்க யாரையும் விடாதீர்கள். கழுத்து ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிய வாய்ப்பு உண்டு.

அண்டி ஆபீஸ் செல்வி
வியாழன், இரவு 8.00

என்னுடைய தலைவலி வேற மாதிரி. தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டின மாதிரி, இரண்டு பக்கமும். வாந்தி கிடையாது. நான் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப் பருப்புக் கம்பெனியில், தோல் உரிக்கிற செக்‌ஷன். குனிந்த தலை நிமிராத வேலை. வீட்டுக்கு வந்தால் பிள்ளைக்குப் பால் கொடுக்க மறுபடி குனிவு.

ஒரு நாள் என் நாத்தனார் நான் பால் கொடுப்பதை போட்டோ எடுத்துக் காட்டினாள். முதுகு வில் மாதிரி வளைந்து, மோவாய் நெஞ்சில் முட்டி, அப்படியே அரைமணி நேரம். பிள்ளையிடம் நான் போகிறேன், பிள்ளை என்னிடம் வரவில்லை. அதற்குப் பிறகு சுவரில் சாய்ந்து, மடியில் இரண்டு தலையணை அடுக்கி, பிள்ளையை மார்பு உயரத்துக்குத் தூக்கினேன். ராத்திரி பக்கவாட்டில் படுத்தபடி கொடுக்கிறேன், தூங்கிவிடாமல் கவனமாக. ஆபீஸில் அரைமணிக்கு ஒருதரம் தோளைப் பின்னால் சுழற்றுவேன். மூன்று வாரத்தில் பாதி வலி போய்விட்டது. மாத்திரை ஒன்றுமே இல்லை.

இரும்புச்சத்து மாத்திரையும் ஒழுங்காகப் போடுங்கள் அக்காமாரே. கர்ப்பத்தில் 180 நாள் போட்டது போலப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் போட வேண்டும். சப்சென்டர் நர்ஸம்மா தருவார்கள். நான் கட்டன்சாயாவோடு விழுங்கிக்கொண்டு இருந்தேன். சாயா அதை உடம்பில் பிடிக்கவிடாதாம். இப்போது எலுமிச்சைத் தண்ணீரோடு போடுகிறேன்.

குவைத் தம்பி
வெள்ளி, இரவு 12.15

அக்காமார் பேசுகிற இடத்தில் ஆம்பிளை எழுதுவதற்கு மன்னிக்கவும். ஊர் அருமனை. மனைவிக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதம். தினமும் தலைவலி என்பாள். "மாத்திரை போட்டுப் படு" என்றுதான் இதுவரை சொல்லியிருக்கிறேன். இந்த இழையை முழுக்க வாசித்தேன்.

எனக்கு டியூட்டி முடிந்து ரூமுக்கு வரும்போது இங்கே ராத்திரி ஒன்பது, ஊரில் பதினொன்றரை. அதற்குமேல் வீடியோ கால், ஒரு மணிவரை போகும். நாலு மணிக்குப் பிள்ளை எழும்பும். அவள் தூக்கத்தை நான்தான் தின்றுகொண்டு இருக்கிறேன். இனி என் மதிய சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷம் போதும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

ஒரு சந்தேகம். சும்மா இருக்கும்போதே அழுகிறாள். பிள்ளையைப் பார்த்தும் சந்தோஷம் இல்லை என்கிறாள். அதுவும் தலைவலியால் வருவதா?

வார்டு அக்கா
வெள்ளி, காலை 6.45

தம்பி, நீ எழுதினது நல்ல காரியம். வலியால் மனசு சோரும், மனச்சோர்வாலும் தலை வலிக்கும், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனச்சோர்வைக் கண்டுபிடிக்கப் பத்தே கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது, எடின்பரோ அளவுகோல் என்பார்கள், 1987-லிருந்து உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஆஸ்பத்திரியில் கேட்டால் போட்டுப் பார்ப்பார்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அவளே கூப்பிட்டுத் தமிழில் பேசலாம், காசு கிடையாது. செத்துப்போகலாம் போல இருக்கிறது என்றோ பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ ஒரு வார்த்தை சொன்னால், அன்றைக்கே யாராவது அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், தனியாக விடக் கூடாது. அவள் அம்மையை வந்து கூட இருக்கச் சொல்.

முளகுமூடு மலர்
சனி, மதியம் 1.30

எனக்குத் தலைவலி வருவதற்கு முன்னே கண்ணில் வளைவு வளைவாக மின்னல் கோடு ஓடும், கால்மணி நேரம். அப்புறம்தான் வலி. பிள்ளைக்கு ஏழு மாதம் ஆனதும் மாலா-என் கருத்தடை மாத்திரை போட ஆரம்பித்தேன். அதன் பிறகு இரண்டு மடங்காகிவிட்டது. சம்பந்தம் இருக்குமா?

வார்டு அக்கா
சனி, மதியம் 2.10

உண்டு. இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மின்னல் கோட்டோடு வருகிற மைக்ரேன் உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை போடக் கூடாது, பக்கவாதம் வருகிற அபாயம் கூடும். மாலா-என்னில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. காப்பர்-டி, 'சாயா' என்ற பேரில் வருகிற ஹார்மோன் இல்லாத மாத்திரை என்று வேறு வழிகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கின்றன. மாற்றுவதற்குள் இடைவெளி விடாமல் ஆணுறை பயன்படுத்துங்கள்.

இரணியல் சின்னவள்
ஞாயிறு, இரவு 10.55

அவசரம். அக்காவுக்குப் பிரசவம் ஆகி 9 நாள். சாயங்காலத்திலிருந்து பயங்கரத் தலைவலி, கண் மங்குகிறது என்கிறாள், மேல்வயிறும் வலிக்கிறது. முகம் வீங்கியிருக்கிறது. கர்ப்பத்தில் பிரஷர் ஒன்றும் கிடையாது. காலையில் கூட்டிக்கொண்டு போனால் போதுமா?

வார்டு அக்கா
ஞாயிறு, இரவு 10.58

காலைவரை காக்காதே. இப்பவே 108. கர்ப்பத்தில் பிரஷர் இல்லாதவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரத்துக்குள் ஏறலாம், வலிப்பு வரலாம். பிரசவம் ஆகி 9 நாள் என்பதை ஏறினதும் முதல் வார்த்தையாகச் சொல். பைலை எடுத்துக்கொள். இடதுபுறமாகச் சரித்துப் படுக்க வை.

கடலோரம்
ஞாயிறு, இரவு 11.01

தங்கச்சி, போ. பிள்ளையையும் கூடக் கொண்டு போ. வண்டி வர நேரமானால் பக்கத்து வீட்டுக் காரைக் கேள். போனதும் ஒரு வரி எழுது, விழித்திருக்கிறேன்.

இரணியல் சின்னவள்
திங்கள், காலை 8.20

இப்போதுதான் போனை எடுக்க முடிந்தது. பிரஷர் 170/110. உடனே உள்ளே எடுத்துவிட்டார்கள். வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் ஊசி போட்டார்கள். இப்போது 140-க்கு இறங்கியிருக்கிறது. கண் தெளிந்துவிட்டது என்கிறாள். பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். கடலோரம் அக்கா, நீங்கள் தூங்குங்கள்.

தக்கலைக்காரி
ஏழு வாரம் கழித்து, செவ்வாய், மாலை 3.40

என்னை மறந்திருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வாரமே ஆசாரிப்பள்ளம் போனேன். மாமியாரும் வந்தார். டாக்டரம்மா முதலில் கேட்டது மாத்திரை கணக்குத்தான். அட்டைகளை மேசையில் வைத்தேன். கண் பார்த்தார்கள், நரம்பு நன்றாக இருந்தது. பிரஷர் சரி, தைராய்டு சரி. ஹீமோகுளோபின் மட்டும் குறைவு, 8.9. ஸ்கேன் எடுக்க வேண்டாமா என்று மாமியார் கேட்டார். நீ சொல்கிற வரலாறும் பரிசோதனையும் தெளிவாக இருக்கிறது, இப்போது அவசியம் இல்லை என்றார். மைக்ரேன், அதன்மேல் மாத்திரை மிகுதியால் வருகிற தலைவலி. வார்டு அக்கா சொன்னபடியே.

அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். மூச்சு இழுப்பு உண்டா என்று கேட்டுவிட்டு, பால் கொடுக்கிறவளுக்கு ஏற்ற மாதிரி, தினமும் போடுகிற தடுப்பு மருந்து எழுதினார்கள், புரோப்ரனலால் என்று பேர். முதல் பத்து நாள் வலி கூடும், தாங்கிக்கொள் என்று முன்பே சொன்னது நல்லதாகப் போயிற்று. மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள்வரை நான் பட்டதை எழுத முடியாது. சுவரில் தலையை முட்டினேன். மெடிக்கலுக்கு யாரையாவது அனுப்பலாம் என்று பத்துத் தடவை எழும்பினேன். மாமியார் பையனைத் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டார். ராத்திரி பாலுக்கு மட்டும் கொண்டுவந்து கிடத்துவார், குடித்ததும் எடுத்துக்கொண்டு போவார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாளையைக்கூடக் கொல்லைப்புறத்தில் கல் கூட்டிப் பொரித்தார். எட்டாம் நாள் காலையில் எழும்பி முற்றத்தில் நின்றேன், மழை சாரல் அடித்துக்கொண்டு இருந்தது, தலை வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்பது புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

கருங்கல் ஜெனி
செவ்வாய், இரவு 9.30

தங்கச்சி, வாசிக்கும்போது கண் நிறைந்துவிட்டது. நானும் அடுத்த வாரம் போகிறேன். ஊசி மட்டும்தான் காரணம் என்று மூன்று வருஷம் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டேன். இன்னும் அதை முழுசாக விட மனசு வரவில்லை, ஆனால் காட்டிவிடுகிறேன். எத்தனை நாள் வலி, எத்தனை மாத்திரை என்று கேட்பார்களே, நீ அதை எப்படிக் குறித்தாய்? எனக்கு நேற்று சாப்பிட்டதே ஞாபகம் இருக்காது.

தக்கலைக்காரி
செவ்வாய், இரவு 10.05

நோட்டு ஒன்றும் வேண்டாம் அக்கா. பலசரக்குக் கடையில் தருகிற மாதக் காலண்டர் அடுப்படிச் சுவரில் தொங்குகிறதுதானே, அதிலேயே. இரண்டு பேனாவை நூல் கட்டி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். தலை வலித்த நாளுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. வலிக்கு மாத்திரை போட்டால் ஒரு நீலப் புள்ளி. விலக்கு வந்த நாளைச் சுற்றி வட்டம். நான் மறந்தால் மாமியார் கேட்டு வைத்துவிடுவார், அவருக்கு எண்ணத் தெரியும். நீலம் வாரத்தில் இரண்டைத் தாண்டக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னது.

இந்த மாதம் சிவப்பு ஆறு, நீலம் மூன்று. ஆறில் நான்கு, வட்டத்தை ஒட்டித்தான் இருக்கிறது. மாதம் முடிய இன்னும் ஐந்து நாள் கிடக்கிறது.